மாண்புமிகு மகளுக்கு, ஏரிக்கரையிலிருந்து

ஏரிக்கரை முகாம்,
திங்கள் மாலை.

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, விசாரிக்க வழியில்லை. போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்கம்மா, கண்டிப்பா சொல்லிடறேன்" என்கிறார். தங்கமான பிள்ளை, மரியாதையாகத்தான் பேசுகிறார். அதற்காக உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது என்று அவரிடமா கேட்பேன்? ஆகவே கடிதம். அலுவலகத்துக்கு அனுப்பினால் பிரித்து முத்திரை குத்திவிடுவார்கள் என்று உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

நான் கூடாரம் போட்டுத் தங்க வந்திருக்கிறேன். தனியாகத்தான். இதைப் படித்ததும் நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. பயப்படாதே. முகாமில் காவலர் இருக்கிறார், குழாயில் தண்ணீர் வருகிறது, குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. இந்த வயதில் ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி லேபில் எனக்கு மூச்சு முட்டுகிறது. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையில் அரசியல்தான் கூட்டும் குழம்பும். யாரையாவது திட்டாமல் ஒரு டப்பாவும் காலியாகாது. இப்போது நான் நாற்காலியை இழுத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மழை வருமா என்று கேட்கிறார்கள். ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் மெஷின் சத்தம் அடுத்த அறையிலிருந்து அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவே தெரியாது. உன் கட்சி கொண்டுவந்த மசோதா பேப்பரில் வந்த பிறகு ஸ்கேன் பிரிவுப் பெண் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கே போய்விட்டாள். இன்னொருத்தி தம்பிக்கு மாற்றல் வாங்கித் தரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிச்சமிருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு, பரணிலிருந்து கூடாரத்தை இறக்கி, பஸ் பிடித்து வந்துவிட்டேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

உன் அப்பா இருந்தவரை கூடாரம் அவர் வேலை, ஸ்டவ் என் வேலை, குறை சொல்வது உன் வேலை. இப்போது மூன்றையும் நானே பார்க்கிறேன். கூடாரத்தை முதல் தடவை தலைகீழாகப் போட்டேன். பக்கத்து இடத்தில் வேன் நிறுத்தியிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள இருக்க வேண்டியது வெளிய இருக்கு" என்று சொல்லியபடி வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கோடை விடுமுறையில் பஸ்ஸும் சும்மா, அவரும் சும்மா. மண் இளக்கமாக இருக்கிறது, முளை நிற்காது என்று சொல்லி, ஒரு பக்கக் கயிற்றைத் தன் வேனிலேயே கட்டிக் கொடுத்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது என்பதுதான்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா.


ஏரிக்கரை முகாம்,
புதன் காலை.

அன்புச் சிட்டு,

முந்தைய கடிதம் கிடைத்ததோ இல்லையோ, அதற்குள் அடுத்தது. வேலையில்லாதவள் எழுதுகிறாள், வேலை உள்ளவள் படிக்காவிட்டாலும் போகட்டும்.

காலையில் ரொட்டி, முட்டை. மதியம் மர நிழலில் படுத்துக்கொண்டு இலைகளைப் பார்க்கிறேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்துக்கு நிமிர்வதே மறந்து போயிருந்தது. சாயங்காலம் பஸ் டிரைவர் காபி போடுகிறார். எனக்கும் ஒரு டம்ளர் வரும். பெட்டிக் கடை டீயைவிட ஸ்ட்ராங்கான காபி, குடித்தால் காது வரை சுடும்.

எங்களுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரும் அவர் மனைவியும் பெரிய கூடாரம் போட்டிருக்கிறார்கள். மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, மடக்கு அலமாரிகூட உண்டு. டாக்டரையும் மடக்கிப் பெட்டியில் வைக்கலாம் போல ஒல்லி. அந்த அம்மா வாய் நிறையச் சிரிக்கிறாள், நான் எங்கே வேலை என்று கேட்டாள், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறேன் என்றேன்.

இங்கேயும் உன் மசோதாதான் பேச்சு, சிட்டு. தேர்தலை இரண்டு வருஷம் தள்ளிப் போடுவது. டாக்டர் ஆதரவு. போன தேர்தல் கலவரத்தில் அவருடைய கிளினிக்கின் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். "மறுபடி அதே கூத்தா? நாடு கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். பயந்தவரிடம் வாதாட எனக்கு வரவில்லை.

பஸ் டிரைவர் எதிர்ப்பு. அவர் கத்துவதில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "அக்கா, நான் ஓட்டற ரூட்டு முடிஞ்சதும் சாவிய டெப்போல குடுத்துடணும். வண்டி நல்லாத்தான் ஓடுது, நானே வச்சுக்கறேன்னு சொல்ல முடியுமா?" எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஆனாலும் எத்தனை மாதத்துக்குப் பிறகு, மனதில் இருப்பதை அப்படியே சொல்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? காபி நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்கும் ஒரே பெண். உன் வயதுதான். இந்த மசோதாவை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் அவளும் ஒருத்தி. பிடித்துக்கொண்டு போய், ஜாமீனில் விட்டார்கள். பள்ளி வேலை போய்விட்டது. இப்போது வேறு நாட்டில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறாளாம். ஜாமீனை மீறிப் போனதால், திரும்பி வந்தால் பிடித்துவிடுவார்கள். "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு போன் பண்ணுவா அக்கா, அங்க குளிருதுன்னு மட்டும் சொல்லுவா" என்றார். பிறகு, "உங்க பொண்ணு என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல வேலை" என்றேன்.

நாளைக்கு ஓட்டெடுப்பு என்று ரேடியோவில் சொன்னார்கள். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். சபையில் உட்கார்ந்திருப்பது நீ. உன் சங்கடம் எனக்குத் தெரியாது, கட்சியில் என்ன மிரட்டுகிறார்கள், என்ன கெஞ்சுகிறார்கள் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உனக்காக நானும் வீடு வீடாகப் போனேன். மாடிப்படி ஏறி முழங்கால் வீங்கியது. கதவைத் திறந்தவர்களிடம், "அஞ்சு வருஷம் குடுத்துப் பாருங்க, பிடிக்கலைன்னா தூக்கிடுங்க" என்று சொன்னது என் வாய். அந்தக் கதவுகளைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன்.

இவ்வளவுதான். காவலர் தபால் எடுத்துப் போக வந்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா.


ஏரிக்கரை முகாம்,
சனிக்கிழமை.

என் சிட்டுவுக்கு,

உனக்கு ஜலதோஷம். ரேடியோவில் உன் குரல் வந்ததும் எனக்கு முதலில் பட்டது அதுதான். மூக்கை உறிஞ்சாமல் சமாளித்துப் பேசினாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தண்ணீர் குடித்திருப்பாய். உன் குரலைக் கேட்டே வெகுநாளாகிவிட்டது, அதனால் கொஞ்ச நேரம் நீ என்ன சொல்கிறாய் என்றே காதில் ஏறவில்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வேனின் கதவைத் திறந்துவைத்து டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். டாக்டர் தம்பதி நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். நான் பாயில். நீ பேசினாய்: "ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் என் தாயார் அடிக்கடி சொல்வார், அவசரப்பட்டால் முடிவு தப்பாகத்தான் வரும், பொறுக்க வேண்டும் என்று. இந்த நாடும் சற்றுப் பொறுக்க வேண்டும்." மேசை தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஓட்டெடுப்பு. உன் ஓட்டு ஆதரவாகப் போனது. மசோதா நிறைவேறியது.

சொன்னேன், மகளே. பரீட்சை முடிவுக்காக நீ தவித்தபோதும், அப்பாவின் ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் நாம் உட்கார்ந்திருந்தபோதும் சொன்னேன். ஆனால் ரத்தம் எடுத்த பிறகு பொறுக்கச் சொல்வேன். ரத்தமே எடுக்க வேண்டாம், நோயாளி அமைதியாகத்தான் இருக்கிறார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பேச்சை எடுத்துப் பேசும் முன் ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம்.

டாக்டர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்களும் ரத்த லேப்தானே... அட, அதே மூக்கு! பேப்பர்ல பாத்திருக்கேனே! அது உங்க பொண்ணா?" என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி நாக்கு வரை வந்தது. உன்னை எப்படி இல்லை என்பேன்? "ஆமா, என் பொண்ணுதான்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் கை குலுக்கினார். இந்த மாதிரி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நாடே எனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கேக் வெட்டி வாயில் ஊட்டிவிட்டார்கள். போட்டோவும் எடுத்தார்கள். உன் அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதைப் பார்த்து அம்மா சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எதிர்வெயில்.

இத்தனை ஆரவாரத்திலும் பஸ் டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டு, ஸ்டவ்வையும் டம்ளர்களையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் டம்ளரையும் கழுவி என் கூடார வாசலில் வைத்தார். பிறகு என் கயிற்றைத் தன் வேனிலிருந்து அவிழ்த்தார். அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தள்ளி இருந்த மரம் வரை இழுத்து, இன்னொரு கயிறு சேர்த்து முடிந்து, அசைகிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் வேனைக் கிளப்பி ஏரியின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் அங்கே நடந்து போனேன். அவர் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது, முன்பெல்லாம் அவர் எழமாட்டார். நான் சொன்னேன்: "ஆபீஸ்ல வேலைன்னு சொன்னது தப்புதான். ஆனா உங்க பேச்சுக்குத் தலையாட்டினது பொய் இல்ல. நீங்க நினைக்கறதுதான் நானும் நினைக்கறேன்."

"தெரியும் மேடம்" என்றார்.

மேடம் என்றார், சிட்டு. உன் உதவியாளர் உன்னைச் சொல்வது போல.

"கோபமா இருக்கீங்க" என்றேன்.

"உங்க மேல என்ன கோபம்? பெத்தவங்க நீங்க, நானும் பெத்தவன்தான். ஆனா என் பொண்ணப் பத்தி இனிமே உங்ககிட்ட பேச வராது மேடம். வாயத் தொறந்தா உங்க பொண்ணத் திட்டிடுவேன். உங்க முன்னாடி அத செய்யக் கூடாது."

"திட்டுங்க, கேட்டுக்கறேன்" என்று சொல்லத்தான் போனேன். அவர் திட்டினால் எனக்குத் தாங்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்வது ஒவ்வொன்றும் சரி என்று நினைத்துக்கொண்டே, உனக்காக அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். அப்படியே திரும்பி வந்தேன். நேற்று மாலை அவர் வேன் போய்விட்டது.

டாக்டர் வீட்டம்மா வேளாவேளைக்குத் தட்டு அனுப்புகிறாள். முகாம் காவலர் சலாம் வைக்கிறார். குளியலறை வரிசையில் முன்னால் விடுகிறார்கள். இத்தனை மரியாதைக்கு நடுவில் பேச ஒரு ஆள் இல்லை. என்னைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை, எனக்குப் பேச்சிருந்தவர் என்னோடு பேசமாட்டார்.

நாளை வீட்டுக்குக் கிளம்புகிறேன். திங்கட்கிழமை லேபுக்குப் போவேன். சாப்பாட்டு மேசையில் யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லப்போகிறேன், என் மகள் செய்தது எனக்குச் சம்மதமில்லை என்று. உன் காதுக்கு வேறு யார் மூலமாகவும் வரக்கூடாது, அதனால் உனக்கு முதலில் எழுதுகிறேன். அதே மேசையில் உன்னை யாராவது தரக்குறைவாகப் பேசினால் டப்பாவை மூடிவிட்டு எழுந்தும் விடுவேன். இரண்டும் எப்படி ஒருத்தியால் முடியும் என்று கேட்காதே. முடிகிறது.

உன்னை நிம்மதியாக இரு என்று வாழ்த்தத்தான் பேனாவை எடுத்தேன். கை எழுதமாட்டேன் என்கிறது. அதனால் வேறு மாதிரி வாழ்த்துகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு நாளாவது உனக்குத் தூக்கம் வராமல் போகட்டும். புரண்டு புரண்டு படுத்து, விளக்கைப் போட்டு உட்காரும்படி ஆகட்டும். அப்படி ஆகும்போது, யாரையும் எழுப்பாமல், நீயே என் எண்ணைப் போடு. எந்த நேரமானாலும் சரி. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் போனை வைக்கமாட்டேன்.

மூக்குக்கு ஆவி பிடி.

உன்னைப் பெற்றவள்,
அம்மா.