டேங்க் வாயை விட்டு நகரவில்லை

பாப்பாவின் அம்மாவுக்கு,

என்னை ஊருக்கு அனுப்புவதாக இன்னும் முடிவாகவில்லை. இன்று காலை மேனேஜரே சொன்னார். வேறு யார் போனில் என்ன சொன்னாலும் நம்பாதே. நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

எண்ணெய் டேங்குக்குள் வெல்டர் அண்ணன் இறங்கினால், மேலே வாயில் நின்று அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பது என் வேலை. செவ்வாயன்று சூப்பர்வைசர் வந்தார்.

"குழாய் இறக்கணும், அஞ்சு நிமிஷம் வாடா."

"அண்ணன் உள்ள இருக்காரு சார்."

"உங்கண்ணன் என்ன, கரைஞ்சா போயிடுவான்?"

நான் நகரவில்லை. அவர் திட்டிவிட்டுப் போன சற்று நேரத்தில் கயிறு அசைவது நின்றுவிட்டது. கூப்பிட்டால் பதிலில்லை. ஆட்களைக் கத்திக் கூப்பிட்டு, வாயுவில் மயங்கிக் கிடந்தவரை இழுத்துப் போட்டோம். கண் விழித்ததும் அண்ணன், "மெதுவா இழுக்கத் தெரியாதாடா, இடுப்பு போச்சு" என்றார். பயப்படாதே, தேறிவிட்டார்.

அண்ணன் இறங்குவதற்கு முன்பே கூப்பிட்டதாகவும், நான் திமிராக மறுத்ததாகவும் சூப்பர்வைசர் புகார் கொடுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவாராம். கேட்க மாட்டேன் என்றேன். கேட்டால், அடுத்து நிற்பவன் கூப்பிட்டதும் நகர்ந்துவிடுவான். இப்போது பழைய இரும்பு பொறுக்குகிறேன், சம்பளம் குறையும். நம் வீட்டில் மாடி கட்டும் வேலையை நிறுத்திவிடு. கஷ்டம்தான், பொறுத்துக்கொள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் உன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. இங்கே போர்வை குத்துகிறது.

எங்களை ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது. நானும் சூப்பர்வைசரும் பேசியதை டேங்குக்குள்ளிருந்து கேட்டவர் வெல்டர் அண்ணன் ஒருவர்தான். அவருக்கும் வேலை வேண்டும். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவரை விசாரிக்கிறார்கள்.

பாப்பாவின் அப்பா