பத்துச் சூடு என்று நினைத்தோம்

அக்கா,

நேற்று மத்தியானம் கடை வாசலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த வாசனை வந்தது. சித்தேரியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர், வலது முழங்காலில் கெட்டியாகப் பத்துப் போட்டுக்கொண்டு, காலை மடக்க முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றார். "வலி மாத்திர நாலு குடும்மா, காய்ச்சலுக்கும் சேத்து" என்றார்.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். உங்கள் தையல் கடையிலிருந்து என் மருந்துக் கடைக்குப் பத்தடி தூரம். அதற்கே சுவரைப் பிடித்து நடந்தீர்கள். "தொட்டுப் பாரு கண்ணு, பத்து எப்படிச் சூடு புடிச்சிருக்குது" என்று பெருமையாகக் காட்டினீர்கள். தொட்டேன், கொதித்தது. நானும் அது பத்தின் சூடு என்றே நம்பினேன். வலிக்கும் காய்ச்சலுக்கும் நான்கு நாள் மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியதும் "மாத்திரைக்குக் கேக்குது" என்று சிரித்தீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும், அதற்கும் நான்தானே மருந்து கொடுத்துவந்தேன். சர்க்கரை உடம்பில் கிருமி சீக்கிரம் பரவும் என்பது அப்போதும் புத்தியில் உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூட்டுக்குள் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. "மொதல்லயே ஊசியில தண்ணி எடுத்துப் பாத்திருக்கணும். யாரு இத்தன நாளா மாத்திர குடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். "நானா வாங்கித் தின்னுட்டேன் சார்" என்றீர்கள். அங்கே சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

நேற்று வந்தவரை உட்காரவைத்துப் பத்தைக் கழுவினேன். அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் காயவிட்டு, இரண்டு முழங்காலிலும் கை வைத்தேன். இடது சில்லென்று இருந்தது. வலது, பத்துப் போன பிறகும், அப்படியே கொதித்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு மாத்திரைக்கு இத்தன பேச்சா? அடுத்த கடையில வாங்கிக்கிறேன்" என்று எழுந்தார். வாங்கிவிடுவார் என்று வாசலில் குறுக்கே போய் நின்றேன்.

"இங்க ஒரு அக்கா இருந்தாங்க. இதே சூடுங்க. நான்தாங்க மாத்திர குடுத்தேன், செத்துட்டாங்க" என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். கடையைச் சாத்திவிட்டு ஆட்டோவில் நானே கூட்டிப்போனேன். அங்கே மூட்டில் குத்திய ஊசியில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. உடனே படுக்கவைத்து மருந்து ஏற்றுகிறார்கள், இன்று மூட்டைத் திறந்து கழுவப்போகிறார்கள். சரியான நேரத்தில் வந்தாரா என்று இன்னும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது உங்கள் கடையில் உங்கள் வீட்டுக்காரர் இருந்தார். "ஏம்மா, மத்தியானமே கடையச் சாத்திட்ட?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வந்த வாய், உங்கள் வீட்டுக்காரர் முன்னால் நேற்றும் வரவில்லை, அக்கா.