கம்பளத்துக்கடியில் ஆற்று மணல்

என்னவனுக்கு,

நீ வேலை செய்யும் கடல் எண்ணெய்க் கிணற்றில் காற்று அடங்கியதா? இங்கே நேற்று நம் பிள்ளை ரெமியின் நீலக் கார் வாசலில் வந்து நின்றது. கனவென்றே நினைத்து மாவுக்கையோடு ஓடினேன்.

இறங்கியது ஒரு பெண். யாரோ தட்டி நிமிர்த்தி அவளுக்கு விற்ற வண்டி. பத்திரத்தில் 'சேதமானது' என்ற முத்திரை மட்டும்தான், என்ன சேதமென்று இல்லை. உள்ளே கிடந்த பழைய ரசீதில் நம் முகவரி இருந்திருக்கிறது; அதைப் பார்த்து விசாரிக்க வந்திருக்கிறாள்.

"வண்டித் தரைக் கம்பளத்துக்கு அடியில ஒரே மணலும்மா. வெள்ளத்துல முங்கின வண்டிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீன் பிடிச்சிட்டு காலைக் கழுவாம ஏறுவான் என் மகன். பாதி ஆறு உள்ளதான் கிடக்கும்."

"அப்போ வேற என்னதாம்மா ஆச்சு?"

வெள்ளம்தான் என்று தலையாட்டியிருக்கலாம். நீயும் நானும் ஒரு வருஷமாக நடந்ததைப் பேசுவதேயில்லை. ஆனால் பின்சீட்டில் அவள் குழந்தை தூங்கியது. அவள் கையைப் பிடித்து ஓட்டுகிற பக்கக் கதவில் வைத்தேன்.

"இங்கதான் லாரி மோதுச்சு. என் புள்ள இதுலதான் செத்தான். மெக்கானிக்கிட்ட அடிச்சட்டத்தை நல்லா பாக்கச் சொல்லு."

இன்று போன் செய்தாள். அடிச்சட்டத்தில் விரிசலாம், பிள்ளையை இனி அதில் ஏற்றமாட்டாளாம்.

வாய்விட்டுச் சொல்லியும் நான் உடைந்துபோகவில்லை. நீ வா, உன்னிடமும் சொல்கிறேன்.

உன் மனைவி