பம்பு அறையில் உன் தம்பி

ஓரிகன், நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கிரெட்டாவுக்கு,

நேற்று மாலை உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி வெண்டல் உயிரோடு இருக்கிறான், காலில் புதுக் கட்டோடு இருக்கிறான், கொஞ்சம் சூப் குடித்தான். சொன்னவள் வெள்ளை வேனில் வரும் செவிலி இமோஜென். கட்டுப் போட்டதே அவள்தான், அதனால் நம்பலாம். அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், நீயும் அந்த வெலிங்டன் காற்றில் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, எழுத்து முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்.

கோடை முடிவில் அவன் மனநோய் மாத்திரையை நிறுத்தியது உனக்குத் தெரியும். தெரியாதது இது. குளிர்காலத்தில் கிளை வெட்டப் போவானே பெட்டிபோனின் ஹேசல்நட் தோப்பு, செவ்வாயன்று அங்கே பம்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ரேடியோ தன் பெயரைச் சொல்கிறது என்று சத்தம். பெட்டிபோன் என்னைக் கூப்பிட்டார், நான் போலீஸ் வேண்டாம், வேனைக் கேளுங்கள், துப்பாக்கி இல்லாத மருத்துவ ஆட்கள் வருவார்கள் என்றேன். மனிதர் அப்படியே கேட்டார். ஆனால் அவசர எண்ணில் பேசிய எதிர்முனைப் பெண், பையன் கையில் ஏதாவது இருக்கிறதா என்றதும், ரம்பம் இருக்கிறது, என்னுடையதுதான், நேற்றுதான் பல் கூராக்கிக் கொடுத்தேன், இந்தப் பக்கத்தில் அதற்கு ஈடு கிடையாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆயுதம் என்று காதில் விழுந்தால் போலீஸ் முதலில் வர வேண்டும் என்பது அவர்கள் விதி. நான் பிறகு சண்டைக்குப் போனபோது அவர் பதில்: "ஏன்யா, பத்திரிகைக்காரன் நீ, என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

அம்மாவும் நானும் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மழையில் இரண்டு போலீஸ் வண்டிகள் நின்றன, சார்ஜென்ட்டின் கை இடுப்புத் துப்பாக்கிமேல் இருந்தது. எத்தனையோ வருஷம் இந்த மாதிரிச் செய்திகளை எழுதியவன் நான், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் வேன் வந்தது. இமோஜென் சார்ஜென்ட்டிடம் போய், வண்டிகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னாள். அவர் யோசித்தார், கதவைத் தாண்டி ரம்பத்தோடு வந்தால் நான் சும்மா நிற்க மாட்டேன் என்றார், பிறகு வண்டிகளை நகர்த்தினார். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர்.

அவள் கொட்டை பொறுக்கும் வாளி ஒன்றைக் கவிழ்த்துக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரம்பத்தைப் பற்றியோ ரேடியோவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அவன் நொண்டுவதைப் பார்த்திருக்கிறாள், பாதத்தில் என்ன என்று மட்டும் கேட்டாள். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. "பாதத்தைப் பத்தி மட்டும்னா பேசலாம்" என்றான் உன் தம்பி. "அதுக்குத்தான் வந்திருக்கேன், பூட்ஸைக் கழட்டு" என்றாள். நனைந்த பூட்ஸ், ஒரு கையால் கழற்ற முடியாது. ரம்பத்தைக் கீழே வைத்தான். பெட்டிபோன் அதை எடுக்கப் பாய்ந்தார், அவள் தலையசைத்துத் தடுத்தாள். ரம்பம் அங்கேயே கிடந்தது.

ஆணி குத்திய காயம், சீழ் பிடித்திருக்கிறது. கழுவிக் கட்டுவதற்கு முன் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் தோலில் ஒரு கோடு போட்டாள். பிறகு, நாளைக்கு வரட்டுமா என்று கேட்டாள், அவன் வா என்றான், அவள் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, "பஞ்சர் ஒட்ட வந்த மாதிரி வந்துட்டுப் போறியேம்மா, அவனை யாரு பாத்துக்கறது?" என்று வேனை மறித்தாள். சம்மதமில்லாமல் தூக்கிப் போனால் இன்றைக்கு மட்டும்தான் அவன் என் கையில், நாளைக்கு யாரிடமும் பாதம் காட்ட மாட்டான் என்றாள் இமோஜென். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போய் அவனை ஆஸ்பத்திரியில் அடைக்க வேண்டும் என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே எனக்குப் படுகிறது, அதனால்தான் உட்கார முடியவில்லை. அவன் இன்னும் பம்பு அறையை விட்டு வரவில்லை. புதனன்றும் நேற்றும் அவள் அங்கே போனபோது அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தானாம். காயத்தின் சிவப்பு அந்தப் பேனாக் கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று நேற்று அவனே சொன்னான். இந்த இலையுதிர்காலத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சம்மதம்.

நீ இப்போது டிக்கெட் எடுக்க வேண்டாம். அவனுக்கு நேராகப் போன் செய்யாதே, மணி அடித்தால் மிரள்கிறான், எங்களுக்குச் செய். வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னையும் அவனையும் ஒரே கையால் பிடித்துக்கொள்ளட்டும்.

தெரிய வேண்டியவை இரண்டு. கோடு தாண்டியதா என்பது நாளை காலை இமோஜென் போய்ப் பார்த்ததும் தெரியும். இந்த மாதத்துக்குப் பிறகு வேன் ஓடுமா என்பதை நகர மன்றம் திங்கள் மாலை ஓட்டுக்கு விடுகிறது. ஓடாது என்றால், அதற்கடுத்த நாளிலிருந்து பம்பு அறைக்கு யார் வருவார்கள் என்று கேட்டு மன்றத்துக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை.

உன் அப்பா
ஹார்லன்