ஆளில்லாத வண்டிக்குக் கதவு திறந்த வழக்கு

திருவண்ணாமலை
20-2-1983

அன்பு மகள் வஜீதாவுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் போர்ட் பிளேரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சுல்தானாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது, கவரைப் பிரித்ததும் கை சுட்டது. உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று நான் தைரியமாக இருந்தேன், அவள் நான் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சரோஜாவை உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். வண்டி மோதியதையும் போலீஸ் கேஸையும் போன இரண்டு கடிதத்தில் நான் மறைத்தது தப்புதான். எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதையேதான் இப்போதும் சொல்லியிருக்கிறாய், வயசாகிவிட்டது, கண் சரியில்லை, டாக்சியை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று. கண்ணு, கண் நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததை நானே சொல்கிறேன், சரோஜா பாதி தன் கற்பனையையும் சேர்த்திருப்பாள்.

பொங்கல் கழிந்த வாரம். கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தைக் கீழ்பென்னாத்தூரில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, விடிகிற நேரத்தில் காலி வண்டியாகத் திரும்பி வந்தேன். முதல் நாள் ராத்திரி இஷா தொழுததுமே படுத்துவிட்டேன், நன்றாகத் தூங்கி எழுந்து டீ குடித்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன், இதை நீ நன்றாகக் குறித்துக்கொள். அப்படி ஒரு பனி. நெல் வயலும் தெரியவில்லை வேர்க்கடலைக் கொல்லையும் தெரியவில்லை, ரோடு மட்டும் பத்துப் பத்து கஜமாக என் முன்னால் வந்துகொண்டே இருந்தது. நம் அம்பாசடர் போடுகிற சத்தம் உனக்குத் தெரியும், அன்றைக்கு அதுகூட எங்கோ வேறு யாருடைய வண்டியோ போவதுபோல் கேட்டது. எத்தனை மைல் வந்தேன் என்ற கணக்கும் இல்லை. அப்புறம் ஏரிக்கரை வளைவு திரும்பினேன், பனி அங்கே முடிந்துவிட்டது, எதிரே மலை. அடிவாரம் இல்லை, ஊர் இல்லை, வெள்ளைக்கு மேலே மலை மட்டும் சும்மா நின்றது, பக்கத்தில் ராஜகோபுரத்தின் கலசம் மட்டும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வளைவில் என் வண்டியில் வருகிற எல்லா சவாரியும் நிறுத்தச் சொல்லும். அங்கேதான் மலையும் கோபுரமும் முதன்முதலில் சேர்ந்து தெரியும். நான் இடது ஓரம் கட்டி, ஹாண்ட் பிரேக் போட்டு, சீட்டை விட்டு எழாமலே ஜன்னல் வழியாக வலது கையைப் பின்னால் விட்டுக் கதவைத் திறந்துவிடுவேன். அவர்கள் இறங்கிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள், அதற்குள் நான் ஒரு பீடி முடித்துவிடுவேன், திட்டாதே. அன்றைக்கும் அதே மாதிரி ஓரம் கட்டினேன், ஹாண்ட் பிரேக் போட்டேன், கையைப் பின்னால் விட்டுக் கதவைத் திறந்தேன். பின் சீட்டில் ஒரு ஆளும் இல்லை. திறந்த கதவில் டமார் என்று ஒரு சைக்கிள். டவுன் டீக்கடைகளுக்குப் பால் கொண்டுவருகிற தருமன், எனக்கும் முகப்பழக்கம் உண்டு. ஆள் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், ரோடு முழுக்கப் பால். ஐயோ அல்லா என்று ஓடிப்போய்த் தூக்கினேன், மணிக்கட்டு வீங்கிவிட்டது, முட்டியில் தோல் இல்லை, பாவம், அந்த வலியிலும் மூடி எங்கே பாருங்க பாய், மூடி எங்கே பாருங்க பாய் என்கிறார். அவரை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அங்கே வந்த போலீஸ்காரர் தருமனைக் கேட்டார். இவர் வலியில், ஆளே இல்லாத வண்டிக்குக் கதவு தொறக்கறாருன்னா பாய் தூங்கிட்டாருங்க, வேற இன்னா என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டி கவனமில்லாமல் கதவைத் திறந்தது என்று. சின்னக் கேஸ்தான், கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். டாக்சி ஸ்டாண்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள், உன் அம்மாவும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இன்னா பெரிய ரோஷம், கட்டிட்டு வாங்க என்றாள். எனக்கு வந்தது பார் ஆத்திரம், அன்றைக்குச் சாப்பிடவில்லை. கதவைத் திறந்தது நான், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுகிறேன், ஆனால் தூங்கினேன் என்று எப்படி ஒத்துக்கொள்வது? ஏப்ரலில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். முப்பது வருஷத்தில் ஒரு கறுப்புக் கோடு விழாத புத்தகம், அதில் ஐம்பத்தொன்பது வயசில் தூங்கினான் என்று விழுந்தால் புதுப்பிப்பார்களா? புதுப்பித்தாலும் எவன் என் வண்டியில் பிள்ளை குட்டியை ஏற்றுவான்? தெருவில் போகிறவன்கூட கவுஸ் பாஷா தூங்கிட்டான்டா என்பான். அதனால்தான் மூர்த்தி வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் வக்கீல் இல்லையா, வண்டியில ஒரு சவாரி இருந்துச்சு, எறங்கிப் போய்ட்டாங்கன்னு சொல்லிடுங்க பாய், கேஸ் நிக்காது என்றார். இல்லாத ஆளை இருந்ததாகச் சொல்லி ஜெயிக்க வேண்டுமா, அதைவிட வண்டியை வித்துட்டு வெங்காயம் விற்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். அப்புறம் அவரே வாசல்வரை வந்து, உக்காருங்க பாய், இருக்கறத வச்சே பாக்கலாம் என்றார்.

போன வியாழக்கிழமை கோர்ட். உன் நிக்காஹுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மாஜிஸ்திரேட் சின்ன வயசு, மாப்பிள்ளையைவிட இரண்டு வயசு ஜாஸ்தி இருந்தால் அதிகம். காகிதத்தைப் படித்துவிட்டு, ஏங்க பெரியவரே, ஆளே இல்லாத வண்டியில யாருக்குக் கதவைத் தொறந்தீங்க என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பழக்கம்ங்க ஐயா, முப்பது வருஷமா அந்த எடத்துல யாராவது எறங்குவாங்க, கை தானா போயிடுச்சு என்றேன். மூர்த்தி வக்கீல் போலீஸ்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டார், வண்டி எப்படி நின்றிருந்தது என்று. அவர் நேர்மையாகச் சொன்னார், அந்த இடத்துக்குப் போய் டயர்த் தடத்தைப் பார்த்தேன், இடது ஓரம் ஒழுங்காகத்தான் நின்றிருந்தது என்று. அடுத்து தருமனைக் கூண்டில் ஏற்றினார்கள். கையில் கட்டோடு நின்றார். முன்னால ஒரு கார் ஓரங்கட்டி நிக்குது, கதவும் தொறக்குது, நீ ஏம்பா பிரேக் புடிக்கல என்றார் வக்கீல். தருமன் ஜன்னல் பக்கம் பார்க்கிறார், அந்த ஜன்னலில் பாதி மலை தெரிகிறது. அப்புறம் மெதுவாக, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டுக்கிட்டு வந்தேங்க சாமி, அதப் பாத்துக்கினே பொய் சொல்ல வாய் வரலைங்க என்றார். சைக்கிளில், இரண்டு பக்கமும் பால் கேனோடு, கையை விட்டுவிட்டு! மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆக அந்த வளைவுல ரெண்டு பேருமே ரோட்டுல இல்ல என்று சொல்லிச் சிரித்தார். தூங்கியதாகச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, கவனமில்லாமல் கதவு திறந்ததற்கு மட்டும் அபராதம் என்று தீர்ப்பு. தூக்கம் என்ற வார்த்தையை அடித்தாயிற்று. வெளியே வந்து நானும் தருமனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பாய், உங்கள மாட்டிவுட்டுட்டேன் பாய் என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டார், நான்தான் முதுகில் தட்டினேன். அவர் கட்டுப் பிரிக்கும்வரை காலையில் அவர் கேன்களை நம் வண்டியில்தான் கொண்டுவருகிறேன், உன் அம்மா டிக்கி பூரா பால் நாத்தம் என்று புலம்புகிறாள்.

மற்றபடி உன் அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி. சரோஜா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். சுல்தானாவுக்குப் பல் முளைத்துவிட்டதா, எத்தனை என்று எழுது. தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, கடல் காற்று பட்டுச் சளி பிடிக்கும், சாயங்காலம் காதை மூடித் துணி கட்டு. வஜீதா, இனி எழுதுவதை நீ மாத்திரம் படி, மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே. கோர்ட்டில் நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். அன்றைக்கு வளைவு திரும்பியதும் பின் சீட்டிலிருந்து செத்த நிறுத்துப்பா என்று ஒரு குரல் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து தனியாக வந்த ஒரு மாமியின் குரல் அது. அந்த அம்மா அந்த வளைவில் இறங்கி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இது போதும்ப்பா, திரும்பிடலாம் என்று கோயிலுக்கே போகாமல் திரும்பிப் போனவர், அதனால் மறக்கவில்லை. அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது கண்ணு. இதோ இறங்குங்கம்மா என்று நான் பதிலும் சொன்னேன். வாய் திறந்து சொன்னேன். கண் மூடவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியம். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் தருமன் வருவது என் கண்ணாடியில் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. தருமனுக்குப் பதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வந்திருந்தால்? ஜெயித்த அன்றைக்கு உன் அம்மா சேமியா காய்ச்சிக் கொடுத்தாள், அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அதனால் ஏப்ரலில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை. யாரும் பிடுங்கவில்லை, நானாக விடுகிறேன், இதற்காகத்தான் அவ்வளவு சண்டை போட்டேனோ என்னவோ. ஆனால் உன் அம்மாவிடமும் ஸ்டாண்டிலும் இதை எப்படிச் சொல்வேன்? கேஸில் ஜெயித்தவன் ஏன் வண்டியை விடுகிறான் என்று துருவித் துருவிக் கேட்பார்களே. ஆகவே நீ எனக்கு ஒரு உபகாரம் செய். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, போன தடவை எழுதினாயே, அதைவிடக் கோபமாக ஒரு கடிதம் எழுது. டாக்சியை விடாவிட்டால் இனி உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன், பேத்தியைக் கண்ணில் காட்ட மாட்டேன், என்னவெல்லாம் வாயில் வருகிறதோ எழுது. பெரிய எழுத்தில் எழுது, ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் படித்துக்காட்ட வேண்டும். நான் நாலு நாள் முடியாது என்று கத்திவிட்டு, அப்புறம் மகள் சொல்லைத் தட்ட முடியவில்லை என்று விட்டுவிடுகிறேன்.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக. மாப்பிள்ளைக்கு என் சலாம், சுல்தானாவுக்கு முத்தம். லைசென்ஸ் ரினீவலுக்கு இன்னும் ஆறே வாரம்தான் இருக்கிறது, கப்பல் தபாலை நம்பாதே, ஏர்மெயிலில் போடு. அந்தக் குரலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது.

உன் அப்பா,
கவுஸ் பாஷா