எஸி என்று எடுத்த டிக்கெட்

கேப் கோஸ்ட்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் கணவர் கோபினாவுக்கு,

எஸி எழுதுவது. நான் நலம். நலமாக இருந்து என்ன பயன், ஹாம்பர்க்கில் உங்களோடு இருக்க வேண்டியவள் இன்னும் இங்கே சந்தையில் சோளமாவுக் கென்கி அவித்து விற்றுக்கொண்டிருக்கிறேன். பெரியவனுக்குச் சளி விட்டுவிட்டது. கூரை ஒழுகிய இடத்தில் தகரம் வைத்து அடைத்தாயிற்று.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேற்று கூப்பிட்டேன். டார்க்காஸ் எடுத்தாள். "அக்கா, அண்ணன் குளிச்சிட்டிருக்காரு, வந்ததும் சொல்றேன்" என்றாள். உங்கள் போன் அவள் கைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் திரும்பக் கூப்பிடவில்லை. அதனால்தான் ஞாயிறன்று அங்கே புறப்படும் நம் சபை மூப்பர் எக்கோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்ரா விமான நிலையத்தில் நடந்ததை, அன்று அழுத அழுகையில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. மீதியை அவள் சொல்லியிருப்பாள். என் வாயாலும் கேளுங்கள். டார்க்காஸும் நானும் ஒரே வரிசையில்தான் நின்றோம். நாம் குடியிருந்த பழைய வீட்டுச் சொந்தக்காரரின் மகள், நர்ஸ் வேலைக்கு வருகிறாள், உனக்கும் துணையாயிற்று என்று சொல்லி அந்த மலிவு டிக்கெட் வலைத்தளத்தில் இருவருக்கும் சேர்த்து எடுத்தது நீங்கள்தானே. கவுண்டரில் இருந்த பெண் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டாள். என்னுடையதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "பாஸ்போர்ட்ல பிலோமினா எஷுன்னு இருக்கு, டிக்கெட்ல எஸி எஷுன்னு இருக்கு. இந்த எஸி யாரு?" என்றாள். "ஞாயித்துக்கிழமை பொறந்த பொண்ண வீட்டுல எஸின்னுதானேம்மா கூப்பிடுவாங்க? நீயும் நம்ம ஊருப் பொண்ணுதானே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்க்கா, கம்ப்யூட்டருக்குத் தெரியாதே" என்றாள்.

எங்கள் விமானக் கம்பெனியிடம் நேராக வாங்கியிருந்தால் ஏதாவது செய்திருப்போம், வேறு இடத்தில் வாங்கியதை நாங்கள் தொட முடியாது, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அந்த வலைத்தளக்காரர்களைக் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். போனில் காசு கரைகிற வரைக்கும் பாட்டு. கடைசியில் ஒருவன் வந்து, இந்த டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது, வேண்டுமானால் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

அந்த மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கும் இடம் கிடையாதாம். அதுவும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. டார்க்காஸ் தனியாகக் காசு கட்டித் தன் பெட்டியை ஏற்றினாள். உங்களுக்காக அடுப்படியில் வெந்து நான் கிளறிய ஷிட்டோ தொக்கையும் புகைபோட்ட மீனையும், "வீணாப் போயிடுமேக்கா, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்று வாங்கி அதில் வைத்துக்கொண்டாள். அவள்தான் உங்கள் தட்டில் எடுத்து வைத்திருப்பாள்.

டிக்கெட் போனதுகூடப் பெரிதில்லை. அவளுடையதை நான் பார்த்தேன். டார்க்காஸ் ஜேன் எஃபுவா குவைனூ. பாஸ்போர்ட்டில் உள்ளது ஒன்றுகூட விடாமல் இருந்தது. கட்டியவள் பெயர் தெரியாதவருக்கு அவள் பெயர் மட்டும் இத்தனை நீளத்துக்கு எப்படித் தெரிந்தது? நம் கல்யாணத்தில் போதகர் பிலோமினா என்று சொன்னபோது உங்கள் காது எங்கே இருந்தது?

அக்கா அராபாவிடம் சொல்லி அழுதேன். அவள் மீன் கழுவிக்கொண்டே சிரிக்கிறாள். "அடி பைத்தியமே, அவ முழுப் பேரு அவருக்குத் தெரியாது, அதான் பாஸ்போர்ட்டப் பாத்து எழுதினாரு. உன் பேரு தெரியும்னு நெனச்சாரு, அதான் பாக்காம எழுதினாரு" என்றாள். நல்ல பதில்தான். சந்தையில் இருக்கும்வரை நம்புகிறேன். வீட்டுக்கு வந்ததும், வீடியோவில் பேசியபோது உங்கள் நாற்காலி மேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பச்சைத் துணி ஞாபகம் வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் வந்து தங்கியவளுக்கு இரண்டு நாளில் வேறு அறை கிடைத்துவிடும் என்றீர்கள். மூன்று வாரம் ஆகிறது. என் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் "பாக்கலாம் எஸி" என்கிறீர்கள்.

என் விசா இந்த மாதக் கடைசி வரைக்கும்தான். அதற்குப் பிறகு யார் பார்த்தும் பயனில்லை. விமானக் கம்பெனியிடமே நேராக எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதுங்கள்.

கர்த்தர் உங்களைக் குளிரிலும் தனிமையிலும் காப்பாராக. டார்க்காஸையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், அவளுக்கு நல்ல அறையும் நல்ல மாப்பிள்ளையும் சீக்கிரம் அமையட்டும். நான் வந்து இறங்கும் அன்று நீங்கள் மட்டும் வாருங்கள். வீட்டுக்கு இரண்டு சாவி என்று சொல்லியிருக்கிறீர்கள். வரும்போது இரண்டும் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
எஸி.