புமாவெலே மேட்டில் நின்றுபோன வண்டி

மே 4, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வராத விஷயங்களையும் விடமாட்டேன். "பார்த்ததை எழுது. நினைத்ததைத் தனியாக எழுது" என்று இயற்பியல் டீச்சர் சொன்னார். முயற்சி செய்கிறேன். விடுமுறைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

இன்று பார்த்தது: மத்தியானம் முழுக்க மழை. அம்மாவின் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எங்கள் மலையில் எல்லோரும் செய்வதுபோல அம்மாவும் டேங்க் வாயில் ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டை வைத்துத்தான் மூடியைத் திருகுவாள். அது கந்தலாகிக் கிடந்தது. நான் சர்க்கரைப் பையின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, கிண்ணத்தை வைத்து வட்டம் போட்டு, இரண்டு மடிப்பாக வெட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்து வைத்து மூடினேன்.

அம்மா பார்த்துவிட்டு, "இனி ஒரு பொட்டுத் தண்ணி இறங்காது. எம்பொண்ணு கைவேலையே தனி" என்றாள்.

வண்டியின் பெயர் மகராசி. என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

மே 6, செவ்வாய்

செவ்வாய்தோறும் அம்மா புமாவெலே மேட்டுக்குத் தடுப்பூசி போடப் போவாள். விடுமுறை என்பதால் பதிவேடு எழுத நானும் போனேன். ஐஸ் பெட்டியை எனக்குப் பின்னால் கட்டியிருந்தோம். புறப்பட்டது 6.40. டேங்க் நிறையப் பெட்ரோல்.

பன்னிரண்டாவது நிமிடம், காப்பி மில் தாண்டியதும், மகராசிக்கு வேகம் குறைந்தது. அம்மா ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க, பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருந்தது. குலுங்கினாள், இருமினாள், நின்றுவிட்டாள். உதைத்துப் பார்த்தும் பயனில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று அம்மா மூடியைத் திறந்து, பிளாஸ்டிக்கை விலக்கிப் பார்த்தாள். டேங்க் "உஸ்" என்றது. பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு உதைத்தாள் - மகராசி ஓடினாள்! பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி அதே கதை. மொத்தம் நான்கு தடவை.

7.30-க்குப் போகவேண்டிய இடத்துக்கு 8.50-க்குப் போனோம். அங்கே தாய்மார்கள் விடியலிலேயே குழந்தையோடு வந்து உட்காருவார்கள். வெயில் ஏறினால் தோட்டவேலைக்குப் போய்விடுவார்கள். முப்பத்தொரு குழந்தைகளில் பன்னிரண்டு பேர் திரும்பிப் போயிருந்தார்கள்.

அம்மா வரும்போது பாடவில்லை. எப்போதும் பாடுவாள்.

மே 7, புதன்

மெக்கானிக் வாமோனோ மாமாவின் கடை ஒரு பலாமரமும் ஒரு பெஞ்சும்தான். பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"பாரு. முனை எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு, மாமா."

"கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம்னு அர்த்தம். வெளுத்திருந்தா இவ பட்டினி. கார்புரேட்டர்ல அடைப்பு."

அம்மா, "வயிறு நிறைய பெட்ரோல வச்சுக்கிட்டுப் பட்டினியா?" என்றாள்.

"தொண்டை அடைச்சா, நர்சம்மா, வயிறு நிறைஞ்சு என்ன?"

கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார். சர்ச்சுவரை ஓட்டிப் போய்த் திரும்பினார். மகராசி பறந்தாள். அம்மாவின் முகம் தெளிந்தது.

மே 9, வெள்ளி

சந்தைக்குப் போனோம், ஐந்து நிமிட வழி. மகராசிக்கு ஒரு குறையும் இல்லை. வேர்க்கடலையும் உலர்ந்த மூங்கில்குருத்தும் வாங்கினோம்.

மே 13, செவ்வாய்

மறுபடியும்.

இன்று டேங்கில் பாதிதான் பெட்ரோல். இருபத்தைந்தாவது நிமிடத்தில் நின்றாள். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள், உஸ், மூடினாள், மகராசி ஓடினாள். இருபது நிமிடம் கழித்து மறுபடி நின்றாள். போய்ச் சேர்ந்தது 8.20.

சாயங்காலம் சுகாதார நிலையப் பொறுப்பாளர் சொன்னது எனக்கும் கேட்டது. "நர்சம்மா, உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா அடுத்த செவ்வாயும் லேட்டானா, அந்த ரூட்டை கிடுடுவுக்குக் கொடுத்துருவேன். அவன்கிட்ட புது வண்டி இருக்கு."

கிடுடு அம்மாவோடு வேலை செய்யும் இன்னொரு நர்ஸ். அம்மா எட்டு வருடமாக அந்த மேட்டுக்குப் போகிறாள். அங்கே பாதிக் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

மே 14, புதன்

பலாமரத்தடியில் சண்டை.

"நீங்க கையை வச்சதுக்கு அப்புறமும் நிக்குது, வாமோனோ. என்னத்தைச் சுத்தம் பண்ணீங்க?"

"என் கையில ஓடுது, உங்க கையில நிக்குது. அவளுக்கு உங்க மேலதான் கோபம் போல."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வேலையத்தான் காணோம்!"

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. புது பிளக் போட்டார். காற்று வடிகட்டியைத் தட்டினார். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார். டேங்கைத் திறந்து, என் பிளாஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்து, பழையபடியே இழுத்து வைத்து மூடினார். சர்ச்சுவரை ஓட்டினார். பறந்தாள். அம்மா நன்றிகூடச் சொல்லவில்லை. வேறு மெக்கானிக்கைப் பார்க்கவேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

மே 15, வியாழன்

அம்மா சீருடையைத் தேய்த்தாள். செவ்வாய்க்கு ஐந்து நாள் முன்னதாகவே.

மே 16, வெள்ளி

என் குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன். பார்த்தது: நிறைந்த டேங்க், பன்னிரண்டு நிமிடம். பாதி டேங்க், இருபத்தைந்து நிமிடம். இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? நிறைய இருந்தால் அதிக நேரம் ஓடவேண்டாமா? சர்ச்சுக்கும் சந்தைக்கும் போனால் நிற்பதில்லை. ஆனால் அவை ஐந்து நிமிட வழிகள். ஒவ்வொரு தடவையும் அம்மா மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் மகராசி ஓடியிருக்கிறாள். அந்த "உஸ்" - அதை ஏன் எழுதினேன் என்றே தெரியவில்லை. கேட்டது, எழுதினேன்.

நினைத்தது: ஒன்றும் இல்லை.

மே 17, சனி

கழிப்பறைக்கு வெளியே கை கழுவக் குழாய் வைத்த மஞ்சள் கேன் இருக்கிறது. காலையில் நிரப்பியது நான். அப்பா கை கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நூலாகிச் சொட்டாகி நின்றுவிட்டது. கை முழுக்கச் சோப்பு.

"நபூலோ! இந்த மூடியை இப்படி முறுக்கி வச்சது யாரு?"

"நான்தாம்பா. தூசி விழும்னு..."

"நீ எதைத் தொட்டாலும் இறுக்கித்தான் மூடுவியா? காத்து உள்ள போனாத்தானே தண்ணி வெளிய வரும்!"

மூடியைத் தளர்த்தினார். கேன் "உஸ்" என்றது. தண்ணீர் கொட்டியது.

நான் அங்கேயே நின்றேன். பிறகு ஓடிப்போய் மகராசியின் டேங்க் மூடியைப் பார்த்தேன்.

டேங்க் மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதற்குக் கீழே என் பிளாஸ்டிக். மற்றவர்களுடையது கசங்கி, கிழிந்து, எப்படியோ காற்று விடும். என்னுடையது இரண்டு மடிப்பு, சுருக்கமே இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை. அதனால் பெட்ரோலும் இறங்கவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம்தான், சிறிது பெட்ரோல் இறங்கியதுமே அது போதாமல் போகும், அதனால் சீக்கிரமே நின்றது.

அம்மாவிடம் இன்று சொல்லவில்லை. உண்மையை எழுதுவேன் என்றுதானே சொன்னேன், சொல்லுவேன் என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இது ஏமாற்று வேலை. பன்னிரண்டு குழந்தைகள் என்னால் திரும்பிப் போயிருக்கிறார்கள். திட்டு வாங்கியது வாமோனோ மாமா. ஐயோ, எப்படிச் சொல்லப்போறேன்?

மே 18, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் சொல்லிவிட்டேன். இந்த நோட்டைத் திறந்து காட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அம்மா நின்றபடியே படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள். "ஏறு வண்டியில" என்றாள்.

அப்பாவிடம் தையல் ஊசி வாங்கிக்கொண்டாள். டேங்கை நிரப்பிப் பிளாஸ்டிக்கோடே கிளம்பினோம். பன்னிரண்டு நிமிடம் ஆனது. மகராசி நிற்காமல் ஓடினாள். நான் நினைத்தது தப்போ? பதினான்காவது நிமிடம் குலுங்கினாள், இருமினாள், நின்றாள். என் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உதைத்தோம், கிளம்பவில்லை. அம்மா மூடியைத் திருகி எடுத்தாள். பிளாஸ்டிக் உள்பக்கமாகக் குழிந்து, வாயோடு ஒட்டிக் கிடந்தது. கையால் விலக்காமல், நடுவில் ஊசியால் ஒரே குத்து. உஸ்ஸ்ஸ்.

மூடிவிட்டு உதைத்தாள். மகராசி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டாள்.

"ஒரே ஊசிதான். பாரு, அழக்கூட இல்ல" என்று அம்மா டேங்கைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ எதுக்குடி அழுற? நானும்தானே தினம் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்?"

நேராக வாமோனோ மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா வாசலிலேயே, "தப்பு எங்க வீட்டுல. அன்னிக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். மாமா கதையை முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு வாரமா என் பேரைக் கெடுத்தது இந்த வாத்தியாரம்மாதானா!" என்று என் தலையில் குட்டுவதுபோல வந்தார். குட்டவில்லை. "சரி, நான் மட்டும் என்ன? அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்து, எவ்வளவு அழகா வெட்டியிருக்குன்னு துடைச்சு, திரும்ப வச்சவன்தானே! தூரம் போனாத்தான் நிக்கிற வண்டியை சர்ச்சுவரைக்கும் மட்டும் ஓட்டிப் பார்த்தேன் பாரு, அதைச் சொல்லணும்."

பழைய டயர் ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மூடிக்குள் பொருத்தினார். ஓரத்தில் தண்ணீர் இறங்காது. துளை வழியாகக் காற்று போகும்.

மே 20, செவ்வாய்

டேங்க் நிறையப் பெட்ரோல். புறப்பட்டது 6.40. காப்பி மில் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மில் தூரத்தில் இருந்தது. மேட்டில் நல்ல மழை. மகராசி ஒருமுறைகூட இருமவில்லை.

7.28. பாதித் தாய்மார்கள் இன்னும் வந்து சேரவில்லை, நாங்கள்தான் காத்திருந்தோம். மொத்தம் நாற்பத்திரண்டு குழந்தைகள். மே 6 அன்று திரும்பிப் போன பன்னிரண்டு பேரைப் பழைய பக்கத்தில் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். பதினோரு பேர் வந்துவிட்டார்கள். மீதி ஒருத்தியின் வீட்டுக்கு அம்மாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள்.

பொறுப்பாளர் பதிவேட்டில் நேரத்தைப் பார்த்தார். ஜூன் மாதப் பட்டியலில் புமாவெலேவுக்கு நேராக அம்மாவின் பெயரை எழுதினார்.

வரும் வழியெல்லாம் அம்மா பாடினாள். சுதி கொஞ்சம் விலகியிருந்தது (உண்மையை எழுதுகிறேன்).

கை கழுவும் கேனை நிரப்பிவிட்டேன். மூடியைத் தளர்வாகத்தான் வைத்திருக்கிறேன், இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அம்மா உள்ளிருந்து, "போதும்டி வாத்தியாரம்மா" என்கிறாள். விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.